மருத்துவருக்கு ஓர் இருக்கை

கூட்டரசு நெடுஞ்சாலையில் கிள்ளானை நோக்கிப் போகிறவருக்குச் சுங்கை வே என்றதும் கண்ணில் படுவது தொழிற்சாலைக் கூரைகளும் பியர் ஆலையும்தான். பேராசிரியர்களுக்கும் இந்த ஊருக்கும் என்ன சம்பந்தம் என்று யாரும் கேட்கலாம். சம்பந்தம் உண்டு. 1974இல் ஜெஃப்ரி சியா என்ற இளைஞர் ஈயம் தோண்டவும் கல்லுடைக்கவும் ஒரு கம்பெனி தொடங்கி, அதற்குச் ‘சுங்கை வே’ என்றே பெயர் வைத்தார். அந்தப் பெயர்தான் பின்னால் சுருங்கி ‘சன்வே’ ஆனது. தோண்டி முடித்த பள்ளத்தின் மேல் ஒரு நகரமே எழுந்தது. 2010இல் அவர் ஓர் அறக்கட்டளையை நிறுவினார். ஆக்ஸ்போர்டின் பிரேசனோஸ் கல்லூரியிலும் கேம்பிரிட்ஜின் கான்வில் அண்ட் கீஸ் கல்லூரியிலும் அவர் பெயரில் இன்று பேராசிரியர் பதவிகள் இருக்கின்றன. கேம்பிரிட்ஜ் மருத்துவ வளாகத்தில் குருத்தணு ஆராய்ச்சி நடக்கும் கட்டடத்தின் பெயர் ‘ஜெஃப்ரி சியா உயிர்மருத்துவ மையம்’.

ஈயத்தில் தொடங்கிய பணம் குருத்தணு வரை போய்விட்டது.

பல்கலைக்கழகத்தில் ‘இருக்கை’ என்றால் என்ன என்று தமிழருக்கு விளக்க வேண்டிய காலம் போய்விட்டது. ஹார்வர்ட் அதைச் சொல்லிக் கொடுத்துவிட்டது. தமிழுக்கு அங்கே ஓர் இருக்கை அமைய 60 லட்சம் அமெரிக்க டாலர் வேண்டும் என்றார்கள். 2015இல் முதல் 10 லட்சத்தை எடுத்து வைத்தவர்கள் மருத்துவர்கள் இருவர்: இதய மருத்துவர் ஜானகிராமன், புற்றுநோய் மருத்துவர் திருஞானசம்பந்தம். ஆளுக்கு 5 லட்சம். தமிழ்நாடு அரசு 10 கோடி ரூபாய் கொடுத்தது. உலகெங்கும் சாதாரண மக்கள் தங்களால் இயன்றதைப் போட்டார்கள். மருத்துவர்கள் மொழிக்கு இருக்கை கொடுத்த கதை இது. மருத்துவருக்கு இருக்கை கொடுப்பது யார், எதற்கு என்பது அதிகம் பேசப்படாத கதை.

கணக்கு எளிது. ஈபிஎப் பணத்தின் முதலைத் தொடாமல் ஆண்டு லாப ஈவை மட்டும் எடுத்துக் குடும்பம் நடத்துகிறவரை நினைத்துக்கொள்ளுங்கள். இருக்கை நிதியும் அப்படித்தான். கொடையாளர் தரும் தொகையைப் பல்கலைக்கழகம் முதலீடு செய்கிறது. முதல் அப்படியே இருக்க, ஆண்டுக்கு 4 அல்லது 5 விழுக்காடு அளவில் செலவுக்கு எடுக்கிறார்கள். பேச்சுக்கு 50 லட்சம் ரிங்கிட் போட்டால், 4 விழுக்காட்டில் ஆண்டுக்கு 2 லட்சம் வரும். பேராசிரியரின் சம்பளத்தில் ஒரு பகுதி, ஓர் ஆய்வு உதவியாளர், பரிசோதனைக் கூடச் செலவு ஆகியவற்றுக்கு அது போகும். அவர் ஓய்வுபெற்றால் அடுத்தவர் வந்து அமர்வார். ஆள் மாறலாம், இருக்கை மாறாது. அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் சிலவற்றில் பதவியேற்பன்று நிஜமாகவே ஒரு மர நாற்காலியைப் பரிசாகத் தருகிறார்கள். அதில் உட்கார்ந்து எழுத முடியுமா என்பது வேறு விஷயம்.

சரித்திரமோ தத்துவமோ கற்பிக்கிறவருக்கு இருக்கை ஒரு கௌரவம். மருத்துவருக்கு அது நேரம். போதனை மருத்துவமனையில் வேலை செய்யும் நிபுணர் காலையில் வார்டைச் சுற்றுகிறார், மதியம் வெளிநோயாளிகளைப் பார்க்கிறார், இடையில் மாணவருக்குப் பாடம் எடுக்கிறார். ஒரு நோயாளியிடம் கண்ட புதிரைப் பின்தொடர்ந்து போக அவருக்கு எந்த மணி நேரம் மிச்சம்? வெளியே தனியார் மருத்துவமனை இதைவிடக் கூடுதல் சம்பளத்தோடு காத்திருக்கிறது. கிள்ளான் பள்ளத்தாக்கில் அதற்கு அதிகத் தூரம்கூடப் போக வேண்டியதில்லை.

இந்தச் சிக்கல் நம் ஊரில் முளைத்ததல்ல. 1913இல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவக் கல்லூரிக்கு ராக்ஃபெல்லர் பணத்தில் இயங்கிய கல்வி வாரியம் 15 லட்சம் டாலர் கொடுத்தது. ஒரே நிபந்தனை: அந்த நிதியில் அமரும் பேராசிரியர்கள் சொந்த வருமானத்துக்கு நோயாளி பார்க்கக் கூடாது, கற்பிக்க வேண்டும், ஆராய வேண்டும். அங்கே முன்பு பேராசிரியராக இருந்த பெரும்புகழ் வில்லியம் ஆஸ்லரே இந்த யோசனையை எதிர்த்தார். நோயாளிகளின் உலகத்திலிருந்து மருத்துவர் விலகிப்போய்விடுவார் என்பது அவர் கவலை. பொது மருத்துவத் துறையில் அப்படி முதலில் அமர்ந்த தியோடோர் ஜேன்வே சில ஆண்டுகளிலேயே பதவி விலகல் கடிதம் கொடுத்தார். வருமானம் போதவில்லை. நிதி நல்லதுதான், குடும்பம் நடத்தும் அளவுக்கு அது இல்லை என்றால் நிபந்தனை மட்டும் நின்று பயனில்லை.

மலாயாவுக்கும் இது புதிதல்ல. 1905இல் சிங்கப்பூரில் மருத்துவப் பள்ளி திறந்ததே வணிகர்கள் வசூலித்துக் கொடுத்த பணத்தில்தான். டான் ஜியாக் கிம் தலைமையில் 87,000 வெள்ளிக்கு மேல் திரண்டது. அதில் 12,000 அவருடையது. 1912இல் மருத்துவர் லிம் பூன் கெங் தொடங்கிய ஏழாம் எட்வர்ட் நினைவு நிதியிலிருந்து 1,20,000 வெள்ளி வந்தது. அது கட்டடத்துக்குப் போகவில்லை, உடலியங்கியல் கற்பிக்க ஒருவரை நிரந்தரமாக அமர்த்தப் போனது. அந்த நன்றிக்காக 1913இல் பள்ளியின் பெயரே மன்னரின் பெயருக்கு மாறியது. ஒரு பாடத்துக்கு ஓர் ஆசிரியர் என்ற சின்ன ஏற்பாடு ஒரு பள்ளிக்கே பெயர் வைத்தது.

அங்கே படித்து வந்தவர் டி. ஜே. தனராஜ். 1950களில் சிங்கப்பூரில் மருத்துவம் கற்பித்துக்கொண்டே ஒரு புதிரைத் துரத்தினார். இரவில் நெஞ்சடைத்து இருமல், இழுப்பு. ஆஸ்துமா போலத் தெரியும், ஆனால் ரத்தத்தில் இயோசினோஃபில் என்ற வெள்ளணுக்கள் எக்கச்சக்கமாக ஏறியிருக்கும். வந்தவர்களில் பெரும்பாலோர் இந்தியர்கள். யானைக்கால் நோய்ப் புழுவைக் கொல்லும் டைஎதில்கார்பமசின் மருந்தைக் கொடுத்தால் ஆள் தேறிவிடுகிறார். அப்படியானால் நோய்க்குக் காரணமும் அந்தப் புழுதானா? நோயாளிகளின் நுரையீரலிலிருந்து எடுத்த திசுத் துணுக்குகளில் புழுவின் நுண்குஞ்சுகளைக் காட்டிய ஆய்வுக் கட்டுரை 1966இல் வெளிவந்தது. அதில் தனராஜோடு கையெழுத்திட்டவர்களில் ஒருவர் நோயியல் மருத்துவர் கே. சண்முகரத்தினம், இன்றைய சிங்கப்பூர் அதிபர் தர்மன் சண்முகரத்தினத்தின் தந்தை. வார்டில் கேட்ட இழுப்புச் சத்தத்துக்கு நுண்ணோக்கியில் பதில் தேடியவர்கள் இவர்கள். மருத்துவ விஞ்ஞானி என்றால் இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

கோலாலம்பூரில் மலாயாப் பல்கலைக்கழகத்துக்கு மருத்துவத் துறை வேண்டும் என்றபோது அதன் முதல் டீனாக வந்தவரும் தனராஜ்தான். 1960களில் லெம்பா பந்தாயில் பல்கலைக்கழகத்தின் கீழேயே ஒரு மருத்துவமனை எழுந்தது. வார்டு, வகுப்பறை, ஆய்வுக்கூடம் மூன்றும் ஒரே வளாகத்தில். சுங்கை வேயிலிருந்து போனால் நெரிசல் இல்லாத நேரத்தில் கொஞ்ச நேரப் பயணம்தான். அங்கே மருத்துவ நூலகம் இன்றும் அவர் பெயரில் இருக்கிறது.

மூன்றையும் ஒரே வளாகத்தில் வைத்ததன் பலன் 1999இல் தெரிந்தது. நெகிரி செம்பிலானின் பன்றிப் பண்ணைகளில் காய்ச்சலும் மூளை அழற்சியுமாக ஆட்கள் விழுந்துகொண்டிருந்தார்கள். ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்று நினைத்துக் கொசு மருந்து அடித்தார்கள், தடுப்பூசி போட்டார்கள். அடங்கவில்லை. அந்த ஆண்டு பிப்ரவரிக்கும் ஜூனுக்கும் இடையில் மலாயாப் பல்கலைக்கழக மருத்துவமனையில் மட்டும் 94 பேர் சிகிச்சை பெற்றார்கள். 30 பேர் இறந்தார்கள். அதே வளாகத்தின் நுண்ணுயிரியல் துறையில் இருந்த மருத்துவர் சுவா கௌ பிங், நோயாளியின் முதுகுத்தண்டு நீரிலிருந்து வைரஸைப் பிரித்தெடுத்தார். கையோடு அதை அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையத்துக்கு எடுத்துச் சென்று மின்னணு நுண்ணோக்கியில் பார்த்தபோது, அது ஜப்பானிய மூளைக்காய்ச்சல் வைரஸ் அல்ல என்று தெரிந்தது. சுங்கை நிப்பா கிராமத்தின் பெயரால் அது நிப்பா வைரஸ் ஆனது. கொசுவை விட்டுவிட்டுப் பன்றிகள் பக்கம் திரும்பினார்கள். 10 லட்சம் பன்றிகள் கொல்லப்பட்ட பிறகு நோய் அடங்கியது. நாட்டில் 265 பேர் பாதிக்கப்பட்டு 105 பேர் இறந்திருந்தார்கள்.

இதை ஓர் இருக்கை செய்தது என்று சொல்ல வரவில்லை. சந்தேகப்படவும், சந்தேகத்தின் பின்னால் ஓடவும் ஒரு மருத்துவருக்கு நேரமும் ஆய்வுக்கூடமும் இருந்ததால் இது நடந்தது. இருக்கை நிதி வாங்கித் தருவது அந்த இரண்டையும்தான்.

பணம் கொடுக்கிறவரைப் பற்றியும் பேச வேண்டும். 2000இல் பிரிட்டனின் நாட்டிங்ஹாம் பல்கலைக்கழகம் ஒரு பெரிய சிகரெட் கம்பெனியிடமிருந்து 38 லட்சம் பவுண்டு வாங்கியது. நிறுவனங்களின் சமூகப் பொறுப்பை ஆராயும் மையம் அமைப்பதற்காம்! அப்போது பிரிட்டிஷ் மருத்துவ இதழின் ஆசிரியராக இருந்த ரிச்சர்ட் ஸ்மித், அந்தப் பல்கலைக்கழகத்தில் தான் வகித்த பேராசிரியர் பதவியை விட்டு விலகினார். யார் பெயரில் இருக்கை என்பதைவிட, அதில் அமர்பவரைத் தேர்ந்தெடுப்பது யார், அவர் எதை ஆராயலாம் என்று முடிவு செய்வது யார் என்பதுதான் கேள்வி. கொடையாளர் பெயர் பலகையில் இருக்கலாம். தேர்வுக் குழுவில் அவருக்கு நாற்காலி இருக்கக் கூடாது.

இன்னொரு குறை நம் பழக்கத்தில் இருக்கிறது. கட்டடத்துக்குக் கேட்டால் கொடுக்கிறோம், டயாலிசிஸ் இயந்திரத்துக்குக் கேட்டால் கொடுக்கிறோம். அதில் பெயர் பொறிக்கலாம், ரிப்பன் வெட்டலாம், படம் எடுக்கலாம். யோசிக்கும் ஒரு மனிதரின் மதிய நேரத்துக்கு ரிப்பன் வெட்ட முடியாது. ஆனால் அப்படிக் கொடுத்த வரலாறும் நமக்கு உண்டு. 1950களில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்திய ஆய்வியல் துறை வருகிறது என்றதும், ‘தமிழ் முரசு’ ஆசிரியர் கோ. சாரங்கபாணி ‘தமிழ் எங்கள் உயிர்’ என்று நிதி திரட்டினார். பல்கலைக்கழகத்தை வெளியிலிருந்துகூடப் பார்த்திராத தோட்டத் தொழிலாளர்கள் ஆளுக்கு ஒரு வெள்ளி கொடுத்தார்கள்.

அவர்களுடைய பேரப்பிள்ளைகள் பலர் இன்று டாக்டர்களாகவும் கம்பெனி முதலாளிகளாகவும் இருக்கிறார்கள். அடுத்த முறை ஒரு மருத்துவமனைக்கு நன்கொடை எழுதும்போது, இந்தப் பணத்தில் எந்த இயந்திரம் வாங்குவீர்கள் என்று கேட்பதற்கு முன்னால், யாருடைய நேரத்தை வாங்குவீர்கள் என்று கேளுங்கள். அங்கீகரிக்கப்பட்ட நிதி என்றால் வருமான வரிச் சட்டத்தின் 44(6) பிரிவில் விலக்கு உண்டு. ரசீதை மறக்காமல் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.