உட்புறம் வளைந்த கத்தியும் ரோமானியத் தலைக்கவசமும்

ஒரு கைப்பிடிப் புல்லை இடக்கையால் பற்றிக்கொண்டு, நேரான கத்தியால் இழுத்து அறுத்துப் பாருங்கள். பாதித் தாள்கள் அறுபடும். மீதி, கத்தி நுனிப் பக்கமாக வழுக்கிக்கொண்டு போய்விடும். அதே புல்லைக் கதிர் அரிவாளால் அறுத்தால் ஒரு தாளும் எளிதில் தப்புவதில்லை. ஏன்?

காரணம் உராய்வில் இருக்கிறது. கத்தியின் கூர் விளிம்புக்குச் செங்குத்தாக ஒரு கோடு இருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். நாம் இழுக்கும் திசை இக்கோட்டிலிருந்து சற்றே விலகியிருந்தால், உராய்வு தாளைப் பிடித்து நிறுத்தும். விலகல் ஒரு குறிப்பிட்ட கோணத்தைத் தாண்டினால் தாள் வழுக்கும். உராய்வுக் குணகம் 0.3 என்று கொண்டால் அக்கோணம் ஏறத்தாழ 17 டிகிரிதான். நேர்க்கத்தியில் விளிம்பின் திசை எங்கும் ஒன்றே. ஆகவே வழுக்கத் தொடங்கிய தாள் வழுக்கிக்கொண்டே போகும். உட்புறம் வளைந்த கத்தியிலோ அத்திசை இடத்துக்கு இடம் மாறுகிறது. வழுக்கும் தாள், வளைவின் அடியை நெருங்க நெருங்கக் கோணம் குறைந்து, ஓரிடத்தில் வசமாகச் சிக்கிக்கொள்கிறது.

அறுவடைக்காரனுக்குத் தெரிந்த இந்த நுட்பத்தைப் போர்க்களத்தில் பயன்படுத்திப் பெயர் பெற்றவர்கள் டேசியர்கள். இன்றைய ருமேனியாவில் வாழ்ந்த மக்கள் இவர்கள். ரோமப் பேரரசர் டிராஜன் கி.பி. 101-102லும், மீண்டும் 105-106லும் இவர்கள்மேல் படையெடுத்தார். டேசியரின் ஆயுதத்தை ரோமானியர் 'ஃபால்க்ஸ்' என்றனர். லத்தீன் மொழியில் அச்சொல்லுக்கு அரிவாள் என்றே பொருள்! கூர் விளிம்பு உட்புறத்தில்தான். ஒரு கையால் வீசுவது ஒரு வகை. நீண்ட கைப்பிடியுடன் இரு கைகளாலும் வீசுவது மற்றொரு வகை.

இரண்டாம் வகையின் ஆற்றலைச் சற்றுக் கணக்கிடுவோம். சுழலும் பொருளில், மையத்திலிருந்து இருமடங்கு தொலைவில் உள்ள புள்ளி இருமடங்கு வேகத்தில் செல்லும். இயக்க ஆற்றல் வேகத்தின் இருமடியைப் பொறுத்தது அல்லவா? ஆகவே அங்குள்ள ஒவ்வொரு கிராம் இரும்பும் நான்கு மடங்கு ஆற்றலோடு வந்து இறங்கும். அதுவும் எங்கே? முன்னோக்கி வளைந்த நுனியில். உருண்டையான தலைக்கவசத்தின்மேல் நேர்வாள் சாய்வாகப் பட்டால் சறுக்கிப் போகக்கூடும். ஃபால்க்ஸின் நுனியோ மிகச் சிறிய பரப்பில் குத்துகிறது. பரப்பு குறைந்தால் அழுத்தம் மிகும். கேடயத்தை உயர்த்தித் தடுத்தாலும், அதன் விளிம்பைத் தாண்டி வளைந்த நுனி உள்ளே எட்டும்.

குறை இல்லாமல் இல்லை. இரு கைகளும் ஆயுதத்தைப் பிடித்திருந்தால் கேடயத்தை யார் பிடிப்பது? ருமேனியாவின் ஆடம்கிளிசியில், கி.பி. 109இல் எழுப்பிய வெற்றிச் சின்னத்தின் சிற்பங்களில் இவ்வீரர்கள் கேடயமின்றியே காணப்படுகிறார்கள். அவர்களை எதிர்க்கும் ரோமானியரைக் கவனியுங்கள்: வலக்கை முழுவதும் பட்டை பட்டையான உலோகக் காப்பு, காலிலும் காப்பு. இக்காலத் தலைக்கவசங்கள் சிலவற்றின் உச்சியில், சிலுவைபோல் இரண்டு இரும்புப் பட்டைகளை ஆணியடித்துப் பொருத்தியிருக்கிறார்கள். கவசத்தின் தகடு உட்குழியாமல் தாங்கவும், அடியின் விசையைப் பரப்பவும் அது உதவும். ஃபால்க்ஸுக்கு அஞ்சியே இவை வந்தன என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. வெற்றி முழக்கங்களைவிட இந்த இரும்புப் பட்டைகளே எனக்கு நம்பத்தக்க சாட்சியாகத் தோன்றுகின்றன. பகைவனின் ஆயுதத்தை மதிக்காதவன் தன் தலையில் கூடுதல் எடையைச் சுமப்பானா?

எகிப்தியரின் 'கோபெஷ்' இதற்கு நேர் எதிரானது. இந்த வெண்கல ஆயுதம் அரிவாள்போல் தோன்றினாலும், கூர் வெளி வளைவில் இருக்கும். வெளி வளைவு பொருளைப் பிடித்து வைக்காது. பட்டவுடன் இழைத்துக்கொண்டு போகும். மலை உச்சிக்கு நேராக ஏறும் பாதை செங்குத்தாகவும், சுற்றிச் செல்லும் பாதை சரிவு குறைந்தும் இருப்பதுபோல, சாய்வாக இழைக்கும் கத்தி கூடுதல் கூர்மையுள்ளதாகிவிடும். 30 டிகிரி ஆப்புக் கோணமுள்ள விளிம்பு, செங்குத்துக் கோட்டிலிருந்து 60 டிகிரி சாய்ந்து செல்லும்போது, சுமார் 15 டிகிரி விளிம்பைப்போல் வேலை செய்கிறது. கோண அளவியல் படிக்கும் மாணவர்கள் இதைத் தாங்களே நிறுவிப் பார்க்கலாம்.

1922இல் கண்டுபிடிக்கப்பட்ட துட்டன்காமன் கல்லறையில் இரண்டு கோபெஷ்கள் இருந்தன. ஒன்று பெரியது, மற்றது சிறியது. சுமார் ஒன்பது வயதில் அரியணை ஏறிய அந்தச் சிறுவனின் கைக்கு ஏற்ற அளவு அது.