அளந்து கரையும் யூரியா

"ஆற்றில் போட்டாலும் அளந்து போடு" என்பது பழமொழி. நெல் வயலில் யூரியா தூவும் விவசாயி மூட்டைக் கணக்கில் அளந்துதான் போடுகிறார். ஆனால் போட்ட பிறகு அது எவ்வளவு வேகமாகக் கரைகிறது, எங்கே போகிறது என்பதை அவரால் அளக்க முடிவதில்லை. நீரில் விழுந்த யூரியாக் குருணை சிறிது நேரத்தில் கரைந்துவிடுகிறது. பயிரோ தனக்கு வேண்டிய தழைச்சத்தை, வேர் பிடித்த நாள் முதல் பூக்கும் வரை சிறிது சிறிதாகவே எடுத்துக் கொள்கிறது. பல நாள் சாப்பாட்டை ஒரே வேளையில் இலையில் பரிமாறியது போல, உண்டது போக மீதி வீணாகிறது.

கரையும் வேகத்தையும் பயிர் எடுக்கும் வேகத்தையும் ஒன்றாக்க முடியுமா? இரசாயனப் பொறியியல் வல்லுநர்களும், பொருட்களின் இயல்பை ஆராயும் விஞ்ஞானிகளும் 60 ஆண்டுகளுக்கும் மேலாக இக்கேள்விக்கு விடை தேடி வருகின்றனர். கிடைத்த விடைகளில் சில இன்று வயலுக்கு வந்துவிட்டன. சில ஆய்வுக்கூடத்திலேயே நிற்கின்றன. சில, சொல்லப்பட்ட அளவுக்குப் பலன் தரவில்லை. இவற்றைப் பிரித்து அறிவது விவசாயிகளுக்கு மிகவும் அவசியம்.

தழைச்சத்து எங்கே போகிறது?

யூரியாவில் 46 சதவீதம் தழைச்சத்து உள்ளது. 45 கிலோ மூட்டை ஒன்றில் 20.7 கிலோ தழைச்சத்து இருக்கிறது. நீர் கட்டிய நெல் வயலில் இதில் 30 முதல் 40 சதவீதம் வரையே பொதுவாகப் பயிருக்குச் சேருகிறது. அதாவது மூட்டைக்கு 6 முதல் 8 கிலோ வரைதான் அந்தப் போகத்துப் பயிருக்குப் பயன்படுகிறது.

இழப்பு மூன்று வழிகளில் நேருகிறது. முதலாவது, ஆவியாதல். மண்ணிலுள்ள யூரியேஸ் என்னும் நொதி யூரியாவைச் சிதைத்து அம்மோனியாவாக மாற்றுகிறது. வயலில் தேங்கிய நீரில் பாசி இருந்தால், பகல் வெயிலில் அது நீரிலுள்ள கரியமில வாயுவை உறிஞ்சிவிடுவதால் நீரின் காரத்தன்மை உயருகிறது. அப்போது அம்மோனியா காற்றில் கலந்துவிடுகிறது.

இரண்டாவது, நீரோடு வடிந்து போதல். அம்மோனிய வடிவத்திலுள்ள தழைச்சத்தைக் களிமண் பிடித்து வைத்துக் கொள்ளும். ஆனால் மண்ணிலுள்ள ஒருவகை பாக்டீரியாக்கள் அதை நைட்ரேட்டாக மாற்றிவிடுகின்றன. நைட்ரேட்டை மண்ணால் பிடித்து வைக்க முடியாது. அது நீரோடு இறங்கிக் கிணற்றைச் சேருகிறது. குடிநீரில் லிட்டருக்கு 45 மில்லிகிராமுக்கு மேல் நைட்ரேட் இருக்கக்கூடாது என்பது இந்தியத் தர நிர்ணயம். கைக்குழந்தைகளுக்கு இது குறிப்பாகக் கெடுதல் செய்யும்.

மூன்றாவது, காற்றோட்டமில்லாத சேற்றில் நைட்ரேட் மேலும் சிதைந்து வாயுவாக வெளியேறுதல். இவ்வாறு வெளிவரும் வாயுக்களில் ஒன்றான நைட்ரஸ் ஆக்சைடு, பூமியை வெப்பமாக்குவதில் கரியமில வாயுவைப்போல் ஏறக்குறைய 270 மடங்கு வலிமையுள்ளது.

கந்தகச் சட்டை

காற்றிலுள்ள நைட்ரஜனை அம்மோனியாவாக மாற்றலாம் என்று ஜெர்மானிய விஞ்ஞானி பிரிட்ஸ் ஹேபர் 1909-இல் செய்து காட்டினார். கார்ல் பாஷ் அதைத் தொழிற்சாலை முறையாக்க, 1913-இல் ஓப்பாவ் என்னும் இடத்தில் உற்பத்தி தொடங்கியது. மிகுந்த அழுத்தமும் வெப்பமும் தேவைப்படும் வேலை இது. இவ்வளவு எரிபொருள் செலவழித்துச் செய்த சத்தில் பாதிக்கும் மேல் வயலில் வீணாகிறதே என்ற கவலையே உறையிட்ட உரங்களுக்கு வித்திட்டது.

அமெரிக்காவில் டென்னசி பள்ளத்தாக்கு ஆணையத்தின் விஞ்ஞானிகள் 1960-களில் ஒரு வழி கண்டனர். சுழலும் உருளையில் சூடான யூரியாக் குருணைகளைப் போட்டு, உருக்கிய கந்தகத்தை அவற்றின்மேல் தெளித்தனர். குருணையைச் சுற்றி மஞ்சள் சட்டை உருவானது. கந்தகம் நீரில் கரையாது. மேலும் அதுவே பயிருக்கு ஓர் ஊட்டச்சத்து. ஆனால் கந்தகம் எளிதில் விரிசல் விடும். விரிசல் வழியே நீர் புகுந்துவிட்டால் உள்ளிருக்கும் யூரியா முழுவதும் ஒரேயடியாக வெளிவந்துவிடும். இதைத் தடுக்க மெழுகுப் பூச்சும் சேர்க்க வேண்டியிருந்தது.

இந்தியாவில் 2023-இல் 'யூரியா கோல்டு' என்ற பெயரில் கந்தகம் பூசிய யூரியா அறிமுகமானது. இதில் 37 சதவீதம் தழைச்சத்தும் 17 சதவீதம் கந்தகமும் உள்ளன. கந்தகச் சத்து குறைந்த மண்ணில் நிலக்கடலை போன்ற எண்ணெய்வித்துப் பயிர்களுக்கும் பயறு வகைகளுக்கும் இது ஏற்றது. ஆனால் 100 கிலோவுக்குத் தழைச்சத்து சாதாரண யூரியாவைவிட 9 கிலோ குறைவு என்பதை மறந்துவிடக் கூடாது.

பிளாஸ்டிக் உறையின் பலனும் பாதகமும்

கந்தகத்தைவிடத் துல்லியமாக வேலை செய்வது பாலிமர் என்னும் பிளாஸ்டிக் வகை உறை. மாத்திரைகளுக்கு உறையிடுவது போலவே, கீழிருந்து வீசும் சூடான காற்றில் குருணைகளை மிதக்கவிட்டு, பாலிமர் கரைசலை மெல்லிய பனிபோல் தெளிக்கிறார்கள். உறையின் கனம் தலைமயிரின் கனத்தை ஒத்திருக்கும்.

இந்த உறை வழியே நீராவி மெல்ல உள்ளே புகுகிறது. உள்ளே யூரியா கரைந்து கெட்டியான கரைசலாகிறது. அது உறையிலுள்ள கண்ணுக்குத் தெரியாத துளைகள் வழியே கசிகிறது. உறையின் கனத்தைக் கூட்டியோ குறைத்தோ 40 நாள், 70 நாள், 100 நாள் என்று கசியும் காலத்தை நிர்ணயிக்கலாம். ஐரோப்பிய விதிப்படி, 25 டிகிரி வெப்பநிலையில் முதல் 24 மணி நேரத்தில் 15 சதவீதத்துக்கு மேலும், 28 நாட்களில் 75 சதவீதத்துக்கு மேலும் சத்து வெளிவரக் கூடாது. நம் மண்ணின் வெப்பம் அதைவிட அதிகம். ஆகவே 100 நாள் என்று குறிப்பிடப்பட்ட உரம் இங்கு அதற்கு முன்பே தீர்ந்துவிடும்.

ஜப்பானில் நெல் விவசாயிகள் இவ்வுரத்தை அடியுரமாக ஒரே முறை இட்டு, மேலுரம் இடும் வேலையையே தவிர்த்தனர். ஆனால் உள்ளிருந்த யூரியா கரைந்தபின் வெறும் கூடுகள் மண்ணில் தங்கின. அவை வடிகால் நீரோடு ஆற்றுக்கும், ஆற்றிலிருந்து கடற்கரைக்கும் போய்ச் சேர்ந்தன. ஆகவே 2030-க்குள் இத்தகைய உறையைச் சார்ந்திராத நிலையை அடைய வேண்டும் என்று அந்நாட்டு உரத் துறையினர் 2022-இல் குறிக்கோள் வகுத்தனர். ஐரோப்பிய ஒன்றியம் 2023-இல் நுண்பிளாஸ்டிக்குக்குக் கட்டுப்பாடு விதித்தபோது, மக்காத உர உறைகளுக்கு 2028 அக்டோபர் வரை மட்டுமே அவகாசம் தந்தது.

மக்கும் உறைக்கான தேடல்

ஆகவே இன்றைய ஆராய்ச்சியின் நோக்கம், நீரில் நின்று மண்ணில் மக்கும் உறையைக் கண்டுபிடிப்பதாகும். சொல்வது எளிது, செய்வது கடினம். ஸ்டார்ச் எளிதில் மக்கும், ஆனால் நீரில் ஊறிப் பெருத்து யூரியாவை விரைவில் விட்டுவிடும். நீரைத் தடுத்து நிறுத்தும் பொருட்களோ எளிதில் மக்குவதில்லை.

இந்த இரண்டுக்கும் இடையே வழி காண, ஆமணக்கெண்ணெயிலிருந்து செய்த பாலியூரித்தேன், காகித ஆலைக் கழிவிலிருந்து கிடைக்கும் லிக்னின், இறால் ஓட்டிலிருந்து எடுக்கப்படும் கைட்டோசான் ஆகியவற்றைப் பல நாடுகளில் ஆராய்கின்றனர். ஆமணக்கு உற்பத்தியில் உலகில் முதலிடம் வகிப்பது இந்தியா. ஆகவே இந்த ஆராய்ச்சி நமக்கு அந்நியமானதல்ல. எனினும் உறையிடும் செலவு பெரும் தடையாக உள்ளது. மானியத்தில் யூரியா மலிவாகக் கிடைக்கும் நாட்டில், பல மடங்கு விலை கொடுத்து உறையிட்ட உரத்தை வாங்க யாரும் எளிதில் முன்வரமாட்டார்கள்.

வேம்பு காட்டிய வழி

குறைந்த செலவில் நம் நாட்டிலேயே கிடைத்த விடை வேம்பு. புதுடெல்லியிலுள்ள இந்திய வேளாண்மை ஆராய்ச்சி நிலைய விஞ்ஞானிகள் 1970-களின் தொடக்கத்திலேயே வேப்பம்பிண்ணாக்கு கலந்த யூரியாவின் பலனை ஆராய்ந்து வெளியிட்டனர். உள்நாட்டில் தயாராகும் யூரியா முழுவதும் வேப்பெண்ணெய் பூசப்பட வேண்டும் என்று 2015-இல் மத்திய அரசு கட்டாயமாக்கியது.

"வேம்பு பூசிய யூரியாவும் தண்ணீரில் போட்டவுடன் கரைந்துவிடுகிறதே, அதனால் என்ன பயன்?" என்று விவசாயிகள் கேட்பதுண்டு. நியாயமான கேள்விதான். ஒரு டன் யூரியாவுக்கு ஏறத்தாழ 350 கிராம் எண்ணெய்தான் பூசப்படுகிறது. மூட்டைக்குச் சுமார் 16 கிராம். இந்த மெல்லிய பூச்சு யூரியா கரைவதைத் தடுக்காது. தடுப்பதற்காகப் பூசப்பட்டதும் அன்று. வேம்பிலுள்ள கசப்புப் பொருட்கள், அம்மோனியாவை நைட்ரேட்டாக மாற்றும் பாக்டீரியாக்களின் வேலையை மந்தப்படுத்துகின்றன. எனவே நைட்ரேட்டாகி வடிந்து போகும் இழப்பு குறைகிறது. ஆனால் வெயிலில் தேங்கிய நீரில் தூவினால் ஆவியாகும் இழப்பை இது நிறுத்தாது. வேம்பு பூசிய யூரியாதானே என்று கவனமின்றித் தூவுவது தவறு.

நானோ யூரியா: கணக்குப் பார்க்க வேண்டும்

இந்தியாவில் 2021-இல் நானோ யூரியா என்ற திரவம் விற்பனைக்கு வந்தது. 500 மில்லி புட்டி ஒன்றை இலைவழி தெளித்தால் ஒரு மூட்டை யூரியாவை மிச்சப்படுத்தலாம் என்று விளம்பரப்படுத்தப்பட்டது. தூக்கவும் தெளிக்கவும் எளிதாக இருந்ததால் விவசாயிகளிடையே இது ஆர்வத்தை ஏற்படுத்தியது.

இங்கே சாதாரணக் கூட்டல் கழித்தல் போதும். முதலில் வந்த திரவத்தில் தழைச்சத்து 4 சதவீதம். அதாவது புட்டிக்கு 20 கிராம். மூட்டையில் இருப்பதோ 20.7 கிலோ, ஆயிரம் மடங்கு அதிகம். ஒரு டன் நெல் விளைவதற்குப் பயிர் ஏறத்தாழ 15 முதல் 20 கிலோ தழைச்சத்தை எடுத்துக் கொள்கிறது. 20 கிராமும் ஒரு துளி சிந்தாமல் பயிருக்குச் சேர்ந்தாலும், அது ஒரு கிலோ அல்லது சற்றுக் கூடுதலான நெல்லுக்கே போதும். செறிவை ஐந்து மடங்காக உயர்த்தினாலும் புட்டிக்கு 100 கிராம்தான்.

லூதியானாவிலுள்ள பஞ்சாப் வேளாண்மைப் பல்கலைக்கழகம் இரண்டு ஆண்டுகள் நடத்திய வயல் சோதனையில், பரிந்துரைத்த தழைச்சத்தில் பாதியை நிறுத்திவிட்டு நானோ யூரியா தெளித்தபோது நெல், கோதுமை இரண்டிலும் மகசூல் குறைந்தது. ஆகவே யூரியாவைப் பாதியாகக் குறைத்துவிட்டு இதை மட்டும் நம்பி இருப்பது நல்லதல்ல. சோதித்துப் பார்க்க விரும்புவோர் சிறு பாத்தியில், பக்கத்தில் வழக்கமான உரமிட்ட பாத்தியோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

குண்டு யூரியா

உறையே இல்லாமலும் யூரியாவை மெதுவாகக் கிடைக்கச் செய்யலாம் என்பதற்கு வங்கதேசம் சான்று. அங்கே யூரியாவை எந்திரத்தில் அழுத்தி 1.8 கிராம் அல்லது 2.7 கிராம் எடையுள்ள குண்டுகளாக்குகிறார்கள். நட்ட ஒரு வாரம் பத்து நாளில், நான்கு குத்துகளுக்கு நடுவே ஒரு குண்டு வீதம், 7 முதல் 10 செ.மீ. ஆழத்தில் சேற்றில் புதைக்கிறார்கள். வெயிலும் காற்றும் படாத ஆழத்தில் அம்மோனியா தங்கி, வேர்களுக்குத் தொடர்ந்து கிடைக்கிறது. யூரியாவில் சுமார் மூன்றில் ஒரு பங்கு மிச்சமாகிறது. வரிசை நடவும், கூடுதல் ஆட்களும் தேவைப்படுவதே இதிலுள்ள சிரமம்.

விவசாயிகள் இப்போதே செய்யக்கூடியவை

மக்கும் உறை வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. கீழ்க்கண்டவற்றைக் கடைப்பிடித்தாலே இழப்பை வெகுவாகக் குறைக்கலாம்.

1. மேலுரம் இடுமுன் வயலில் தேங்கிய நீரை வடித்துவிட வேண்டும். சேறும் ஈரமுமாக இருக்கும்போது, மாலை வேளையில் யூரியாவை இட்டு, ஓரிரு நாள் கழித்து நீர் கட்ட வேண்டும்.

2. யூரியா, ஜிப்சம், வேப்பம்பிண்ணாக்கு ஆகியவற்றை 5:4:1 என்ற விகிதத்தில் கலந்து ஓர் இரவு வைத்திருந்து இடுவது தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகப் பரிந்துரை. 45 கிலோ யூரியாவுக்கு 36 கிலோ ஜிப்சமும், தூளாக்கிய 9 கிலோ வேப்பம்பிண்ணாக்கும் தேவை.

3. நட்ட 14-ஆம் நாள் முதல் பூக்கும் வரை, வாரம் ஒருமுறை இலை வண்ண அட்டையைக் கொண்டு முழுமையாக விரிந்த இளம் இலைகள் பத்தைப் பார்க்க வேண்டும். காலை 8 முதல் 10 மணிக்குள், இலைமேல் நேர் வெயில் படாமல் உடலால் நிழல் செய்துகொண்டு பார்ப்பது நல்லது. ஆறு இலைகளோ அதற்கு மேலோ 4 என்ற நிறத்தைவிட வெளிறியிருந்தால் மட்டுமே மேலுரம் இட வேண்டும். வெள்ளைப் பொன்னிக்கு இந்த அளவு 3.

4. புதிய உரம் எதுவானாலும் பெயரைப் பார்த்து வாங்காமல், மூட்டை அல்லது புட்டியின் மேல் அச்சிட்ட தழைச்சத்துச் சதவீதத்தை எடையோடு பெருக்கிப் பார்க்க வேண்டும். கிலோவுக்கு என்ன விலை என்பதைவிட, பயிருக்கு எத்தனை கிலோ சத்து கிடைக்கும் என்பதே முக்கியம்.

விஞ்ஞானம் யூரியாவுக்கு நல்ல சட்டை தைத்துத் தரும் நாள் வரலாம். அதுவரை நீரை வடிப்பதும், இலையைப் பார்ப்பதும், கணக்குப் போடுவதும் விவசாயியின் கையில்தான் உள்ளன. இவற்றுக்குச் செலவு சிறிது. வீணாகும் உரம் மிச்சமாவதோடு கிணற்று நீரும் கெடாமல் காப்பாற்றப்படும்.