இரவற் கலமும் கற்ற கலையும்

அணுசக்தியால் இயங்கும் நீர்மூழ்கிக் கப்பல்களை ஐக்கிய அமெரிக்கா, ரஷ்யா, பிரித்தானியா, பிரான்சு, சீனா, இந்தியா ஆகிய நாடுகள் கட்டி இயக்கி வருகின்றன. புதிதாக இத்துறையில் இறங்கும் நாடு பெரும்பாலும் நட்பு நாடொன்றின் துணையை நாடுகிறது. அவ்வாறு நாடும்போது அது பெறவேண்டியது கலமா, கல்வியா என்பதே இன்று நாம் ஆராயவிருப்பது.

முதலில் கலத்தின் இயக்கத்தை நோக்குவோம். வட்டவளை போன்ற மலைநாட்டு ஊர்களின் தேயிலைத் தொழிற்சாலைகளை அறிந்தோர்க்கு இது எளிதில் விளங்கும். அங்கே விறகின் புகை தேயிலையைத் தீண்டுவதில்லை. அடுப்பின் அனல் இரும்புக் குழாய்களைச் சூடேற்ற, அவற்றை ஒட்டிச் செல்லும் தூய காற்றே தேயிலையை உலர்த்துகிறது. அணு உலையிலும் அத்தகைய ஏற்பாடே உண்டு. யுரேனிய அணுக்கள் பிளவுறும்போது எழும் வெப்பத்தை மிகுந்த அழுத்தத்திலுள்ள நீர் ஏற்கிறது. அந்நீர் தன் வெப்பத்தை வேறு குழாய்களில் ஓடும் நீருக்கு அளிக்க, பின்னதே நீராவியாகிச் சுழலியைச் சுழற்றுகிறது. இவ்விரு நீரும் ஒன்றோடொன்று கலத்தல் ஆகாது. கலப்பின் கதிரியக்கம் பரவும். ஆதலின் ஒவ்வொரு குழாயையும் வால்வையும் இடையறாது சோதித்துப் பேணவேண்டும். இக்கலை ஏட்டுக் கல்வியால் மட்டும் கைவருவதன்று.

இந்தியா இதனைக் கற்ற வரலாறு கருதத்தக்கது. 1988ஆம் ஆண்டு ஜனவரியில் சோவியத் நாடு தன் கலமொன்றை மூன்றாண்டுக் குத்தகைக்கு அளித்தது. 'சக்ரா' எனப் பெயர் பெற்ற அக்கலத்தை இயக்க இந்திய மாலுமிகள் முன்னரே சோவியத் நாட்டில் பயின்றிருந்தனர். 1991இல் கலம் திரும்பிச் சென்றது. கற்ற கல்வியோ இந்தியாவிலேயே தங்கிற்று. தமிழகத்தின் கல்பாக்கத்தில், கரையிலேயே மாதிரி உலையொன்று அமைக்கப்பட்டது. 'அரிஹந்த்' என்னும் சொந்தக் கலம் 2009 ஜூலை 26இல் விசாகப்பட்டினத்தில் நீரிலிறங்கி, 2016இல் கடற்படையிற் சேர்ந்தது.

இடையே, ரஷ்யாவிடமிருந்து குத்தகைக்கு வந்த இரண்டாவது 'சக்ரா' 2012 முதல் 2021 வரை பணியாற்றிற்று. இந்தியாவிடம் ஒப்படைக்கப்படுமுன், 2008 நவம்பரில் நிகழ்ந்த வெள்ளோட்டத்தில், தீயணைப்பு வாயு தவறுதலாக வெளிப்பட்டு அக்கலத்தில் 20 பேர் மாண்டனர். அணு உலைக்கு யாதொரு பழுதும் நேரவில்லை. எனினும், ஒரு சிறு தவறு எத்தனை உயிரைக் கொள்ளுமென்பதை அத்துயரம் உணர்த்திற்று.

இன்று அவுஸ்திரேலியா இவ்வழியில் நடக்கிறது. 2021 செப்டெம்பரில் அமெரிக்கா, பிரித்தானியா ஆகியவற்றுடன் அது 'ஓக்கஸ்' உடன்பாட்டை அறிவித்தது. 2024இல், பேர்த் நகருக்கருகேயுள்ள 'ஸ்டேர்லிங்' கடற்படைத் தளத்தில், 'ஹவாய்' என்னும் அமெரிக்க அணுசக்திக் கலம் பழுதுபார்க்கப்பட்டபோது, அவுஸ்திரேலியக் கடற்படையினரும் அப்பணியில் கைகொடுத்தனர். கலத்தைப் பெறுமுன் அதனைப் பேணக் கற்றல் இங்கும் முறையாயிற்று.

இக்கலங்கள் உலவும் இந்து சமுத்திரத்தின் நடுவே வாழும் நமக்கு இஃது அயலார் செய்தியன்று. கலம் எந்நாட்டதாயினும், அதன் உலையைக் காப்போரின் பயிற்சியே கடலுக்கும் கரைக்கும் காவலாகும்.