கதைப் புத்தகமும் கட்-ஆஃப் மதிப்பெண்ணும்

பிளஸ் டூ மாணவி. அரசு ஆதிதிராவிடர் நல விடுதியில் தங்கிப் படிக்கிறாள். காலாண்டுத் தேர்வில் வேதியியல் மதிப்பெண் குறைந்துவிட்டது. அவள் பெட்டியில் செய்தித்தாள் அட்டை போட்ட ஒரு புத்தகம் அகப்பட்டது. பூமணியின் 'வெக்கை'. "பரீட்சை நேரத்தில் கதைப் புத்தகமா?" என்று தாயை வரவழைத்துவிட்டார்கள். பழக்கத்தின் பேரில் அவர் என்னையும் துணைக்கு அழைத்தார்.

நூறு நாள் வேலையில் ஒரு நாள் கூலியை விட்டு வந்திருந்தார். "எனக்கு எழுதப் படிக்கத் தெரியாதும்மா. அது நல்ல புஸ்தகமா கெட்ட புஸ்தகமான்னு நான் எதக் கண்டேன்? மார்க்கு போச்சுன்னா இவளும் என்னை மாதிரி மம்பட்டிதான் புடிக்கணும். நீங்களே சொல்லுங்க" என்றார்.

அந்தப் பயம் நியாயமானது. மகளுக்கு நர்சிங் படிக்க ஆசை. அந்தச் சேர்க்கையில் இயற்பியல், வேதியியல், உயிரியல் மதிப்பெண்தான் பேசும். எத்தனை நாவல் படித்தாய் என்று யாரும் கேட்கப்போவதில்லை. அரசுக் கல்லூரி இடம் கைநழுவினால் விற்றுப் படிக்கவைக்க நம் வீடுகளில் நிலமும் இல்லை, நகையும் இல்லை. மதிப்பெண் முக்கியமில்லை என்பது வசதியுள்ளவர்கள் பேசும் பேச்சு.

ஆனால், அந்த நாவலுக்கு அவளை அழைத்துப்போனதே பாடநூல்தான். 12-ஆம் வகுப்புத் தமிழில் பூமணியின் 'உரிமைத் தாகம்' துணைப்பாடம். அதைப் படித்துவிட்டு, இவர் வேறென்ன எழுதியிருக்கிறார் என்று விசாரித்து, கிளை நூலகத்தில் எடுத்திருக்கிறாள். 1982-இல் வந்த 'வெக்கை'யைத் தழுவித்தான் 'அசுரன்' படம் எடுத்தார்கள். "படத்தைவிட இதுல அந்தப் பையன் நம்ம வீட்டுப் பையன் மாதிரியே பேசுறான் அக்கா" என்றாள்.

வேதியியல் ஏன் குறைந்தது என்று கேட்டேன். "மின்வேதியியல் புரியலை. விடுதியில கேக்க ஆளில்லை" என்றாள். டியூஷனுக்குப் பணமில்லை. சொல்லித்தர ஆளில்லாத குறைக்கு ஒரு நாவல் பழி சுமந்திருக்கிறது.

1907-இல் பம்பாயில் பீமராவ் என்ற மாணவர் மெட்ரிக் தேறினார். 750-க்கு 282 மதிப்பெண். இன்றைக்கு இந்த மதிப்பெண்ணுக்கு எந்தப் பள்ளியும் பேனர் வைக்காது. ஆனால், தீண்டப்படாத வீட்டுப் பிள்ளை தேறியதே பெரிய செய்தி என்று பாராட்டுக் கூட்டம் போட்டார்கள். அதில் கேளுஸ்கர் என்ற ஆசிரியர் தாம் மராத்தியில் எழுதிய புத்தர் வரலாற்றைப் பரிசளித்தார். எந்தத் தேர்விலும் கேள்வி வராத புத்தகம். அது தன் மனத்தை ஆழமாகத் தொட்டதை அம்பேத்கர் பின்னாளில் எழுதினார். 1956-இல் நாக்பூரில் மக்களோடு பௌத்தம் தழுவினார். மெட்ரிக் தேறியது அவரைக் கல்லூரிக்குக் கொண்டுபோனது. அந்தப் புத்தகம் அவர் எங்கே போகவேண்டும் என்று யோசிக்கவைத்தது. நம் பிள்ளைகளுக்கும் இரண்டும் வேண்டும்.

அன்று நாங்கள் பேசி முடிவுசெய்தது இதுதான். பாடம் முடித்தபின் இரவில் பத்துப் பக்கம், ஞாயிறு மதியம் ஒரு மணி நேரம். திருப்புதல் தேர்வு தொடங்கினால் நாவலைத் தொடக்கூடாது. பாமாவின் 'கருக்கு', சிவகாமியின் 'பழையன கழிதலும்', இமையத்தின் 'கோவேறு கழுதைகள்' ஆகிய பெயர்களை நோட்டின் கடைசிப் பக்கத்தில் குறித்துக்கொண்டாள். பொதுத்தேர்வு முடிந்த கோடை விடுமுறைக்கு.

மாணவர்களே, மதிப்பெண்ணையும் விடாதீர்கள், புத்தகத்தையும் விடாதீர்கள். புரியாத பாடத்தைப் புரியவில்லை என்று வெட்கப்படாமல் கேளுங்கள்.

அதிகாரிகளிடம் கேட்பது இரண்டே. விடுதிதோறும் மாலையில் பாடம் சொல்லித்தர ஆள் வையுங்கள். பூட்டிக் கிடக்கும் புத்தக அலமாரிகளைத் திறந்துவிடுங்கள். பிள்ளைகளின் பெட்டியைச் சோதிப்பதற்கு முன்னால் செய்யவேண்டிய வேலை இது.