நஷ்ட வருடத்தில் ஏறிய பங்கு

2022 மே மாதம். 356 கிலோ கொண்ட ஒரு கேண்டி பஞ்சு ஒரு லட்சம் ரூபாயைத் தாண்டியது. 1936இல் பி.ஏ.சி. ராமசாமி ராஜா ராஜபாளையம் மில்ஸைத் தொடங்கிய காலத்திலிருந்து பஞ்சு விலையோடு ஏறி இறங்கியே பழகிய ஊர் ராஜபாளையம். அந்த ஊரே பார்க்காத விலை அது.

ஏறிய வரை நூற்பாலைகளுக்குக் கொண்டாட்டம்தான். குடோனில் பழைய விலைப் பஞ்சு, சந்தையில் புது விலை நூல். இறங்கத் தொடங்கியதும் நூல் வாங்குகிறவர்கள் ‘இன்னும் குறையட்டும்’ என்று தள்ளிப்போட்டார்கள். குடோனில் கிடந்ததோ உச்ச விலைச் சரக்கு. 2023 ஜூலை 15 முதல் உற்பத்தியை நிறுத்தப்போவதாகத் தமிழ்நாட்டின் சிறு, நடுத்தர நூற்பாலைச் சங்கங்கள் அறிவித்தன.

அதே சமயத்தில் சிப் தொழிலும் சரிந்து கிடந்தது. மெமரி சிப் தயாரிக்கும் அமெரிக்காவின் மைக்ரான், 2022 நிதியாண்டில் சுமார் 3,076 கோடி டாலருக்கு விற்றது. மறு வருடம் விற்பனை பாதியானது. நஷ்டம் மட்டும் 583 கோடி டாலர்.

ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாக் கடைக்காரருக்கு இந்தத் தொல்லை இல்லை. கூட்டம் கூடினால் மறுநாள் இரண்டு கேன் பால் அதிகம் வாங்கினால் போதும். சிப் ஆலை எழும்ப இரண்டு, மூன்று வருடம் ஆகும். தட்டுப்பாட்டின்போது எல்லா நிறுவனங்களும் ஒரே நேரத்தில் விரிவாக்கத்தில் இறங்குகின்றன. கிடைக்காமல் போய்விடுமோ என்ற பயத்தில் வாங்குகிறவர்களும் தேவைக்கு மேல் ஆர்டர் போடுகிறார்கள். ஆலைகள் தயாராகும்போது அந்த ஆர்டர்கள் காணாமல் போயிருக்கும். வட்டியும் தேய்மானமும் நிற்காது என்பதால், வந்த விலைக்குத் தள்ளிவிட வேண்டியதுதான்.

முதலீட்டாளர் ஏமாறும் இடம் பி.இ. விகிதம், அதாவது பங்கின் விலை ஒரு பங்கின் வருட லாபத்தைப் போல எத்தனை மடங்கு என்ற கணக்கு. லாபம் உச்சத்தில் இருக்கும்போது அந்த விகிதம் சிறுத்து, பங்கு மலிவாகத் தெரியும். பெரும்பாலும் விற்க வேண்டிய நேரம் அதுதான். 2023 தொடக்கத்தில் மைக்ரான் பங்கு சுமார் 50 டாலர். வருடம் முழுக்க நஷ்டக் கணக்கு வந்துகொண்டிருக்க, டிசம்பர் முடிவில் அது 85 டாலரை ஒட்டி நின்றது. அந்த ஏப்ரலில் சாம்சங் மெமரி சிப் உற்பத்தியைக் குறைப்பதாக அறிவித்ததும், சந்தை அடுத்த ஏற்றத்தைக் கணக்குப் போடத் தொடங்கிவிட்டது.

இதைப் படித்துவிட்டு, விழுந்து கிடக்கும் நூற்பாலைப் பங்கை எல்லாம் வாங்கப் புறப்படுவது ஆபத்து. மெமரி சிப் தொழிலிலேயே ஜெர்மனியின் கிமோண்டா 2009இல் திவாலானது. ஜப்பானின் எல்பிடா 2012இல் விழுந்தது, அடுத்த வருடம் அதை மைக்ரானே வாங்கியது. இப்படி ஒவ்வொருவராகக் கழிந்து, டிராம் மெமரிச் சந்தையின் பெரும்பகுதி இன்று சாம்சங், எஸ்.கே. ஹைனிக்ஸ், மைக்ரான் என்ற மூவர் கையில் இருக்கிறது. மூவரும் உற்பத்தியைக் குறைத்தால் விலை திரும்பும். நூலுக்கோ நாடெங்கும் ஏராளமான ஆலைகள். ராஜபாளையத்தில் ஒருவர் கதிரை நிறுத்தினால், அந்த ஆர்டர் குஜராத்துக்குப் போய்விடும்.

அந்தக் குஜராத்தின் சாணந்தில்தான் 2023 ஜூனில், நஷ்டத்தின் நடுவிலேயே, 82.5 கோடி டாலர் வரை போட்டு ஆலை கட்டப்போவதாக மைக்ரான் அறிவித்தது.