ஊர் கூடி எழுதியவை – 9: இன்னொருவர் பார்க்க வேண்டும்

1403ஆம் ஆண்டு மிங் பேரரசர் யோங்லே நான்ஜிங் நகரில் இருந்து ஓர் ஆணை பிறப்பித்தார். வானியல், மருத்துவம், நாடகம், சடங்கு, வேளாண்மை என்று சீனத்தில் அதுவரை எழுதப்பட்டவை அனைத்தும் ஒரே தொகுப்பில் சேர வேண்டும் என்பது ஆணை. முதலில் கொண்டுவந்து காட்டிய தொகுப்பு அவருக்குப் போதவில்லை. ஆட்களைப் பெருக்கச் சொன்னார். முடிவில் 2,169 அறிஞர்கள் அந்தப் பணியில் இருந்தார்கள். 1408இல் வேலை முடிந்தபோது 11,095 ஏடுகளில் 22,877 இயல்கள், ஏறத்தாழ 37 கோடி எழுத்துகள். அச்சில் ஏறாமல் முழுக்க முழுக்கக் கையால் எழுதப்பட்ட நூல் அது. அரண்மனையில் தீ விபத்து ஏற்பட்ட பிறகு, 1562இல் தொடங்கி ஒரே ஒரு நகல் எடுத்தார்கள். மூலப்படி எப்போது, எப்படி மறைந்தது என்பது இன்றுவரை புதிர். அந்த நகலும் திருட்டிலும் தீயிலும் கரைந்து, இன்று சுமார் 400 ஏடுகள் பல நாட்டு நூலகங்களில் சிதறிக் கிடக்கின்றன.

'யோங்லே பெருந்தொகுப்பு' என்ற அந்த நூலே உலகின் மிகப் பெரிய கலைக்களஞ்சியம் என்ற பெருமையை அறுநூறு ஆண்டுகளுக்குச் சற்றுக் குறைவாகத் தாங்கி நின்றது. அதை முந்தியது எந்த அரசும் இல்லை, பதிப்பகமும் இல்லை. 2007 செப்டம்பர் 9 அன்று ஆங்கில விக்கிப்பீடியா 20 லட்சம் கட்டுரைகளைத் தொட்டபோதுதான் அந்தப் பெருமை கைமாறியது. ஒரு பைசா ஊதியம் இல்லாமல், ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் எழுதியவர்களின் வேலை அது.

அந்தத் தன்னார்வலர்களில் ஒரு பகுதியினர் எடுத்துக்கொண்ட பொருள்தான் இந்த வாரம் நம் முன்னால் இருப்பது: சீனாவின் வரலாறும் பண்பாடும்.

எளிதான பொருளா? முதல் தடை எழுத்திலேயே காத்திருந்தது. 2002 அக்டோபரில் சீன விக்கிப்பீடியாவில் எழுதத் தொடங்கியவர்கள் இரண்டு எழுத்துலகங்களில் இருந்து வந்தார்கள். சீனப் பெருநிலத்திலும் சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் எளிமையாக்கப்பட்ட எழுத்து. தைவானிலும் ஹாங்காங்கிலும் மக்காவிலும் மரபு எழுத்து. ஒரே பொருளுக்கு இரண்டு வடிவங்களிலும் தனித்தனிக் கட்டுரைகள் முளைத்தன. போகிற போக்கில் இரண்டு கலைக்களஞ்சியங்களாகவே பிரிந்திருக்கும். தன்னார்வ நிரலாளர் ஒருவர் எழுதிய மாற்றுநிரல் 2005 வாக்கில் அதைத் தடுத்தது. எழுதுபவர் தமக்குப் பழகிய எழுத்தில் எழுதலாம். படிப்பவர் திரையில் தமக்குப் பழகிய வடிவத்தைத் தேர்ந்துகொள்ளலாம்.

நிரல் மட்டும் போதவில்லை என்பது வரலாற்றுக் கட்டுரைகளில்தான் பளிச்சென்று தெரிந்தது. மரபு வடிவத்தில் 'பிறகு' என்பதற்கு ஓர் எழுத்து, 'பேரரசி' என்பதற்கு வேறோர் எழுத்து. எளிய வடிவத்தில் இரண்டுக்கும் ஒன்றே. கண்ணை மூடிக்கொண்டு மாற்றினால் ஹான் வம்சத்துப் பேரரசிகள் எல்லாரும் 'பிறகு'களாக மாறிவிடுவார்கள். எந்தச் சொற்றொடரில் எந்த எழுத்து வர வேண்டும் என்ற அட்டவணைகளைத் தன்னார்வலர்கள் ஒவ்வொன்றாகச் சேர்த்தார்கள். ஊர்ப் பெயர், ஆட்பெயர் வேறுபாடுகளும் அந்த அட்டவணைகளில் புகுந்தன. ஆஸ்திரேலியாவின் சிட்னி, பெய்ஜிங் வாசகருக்கு 'ஷீனி', தைபே வாசகருக்கு 'ஷுவெலி'. ஒரே கட்டுரை இருவருக்கும் அவரவர் பழக்கப்படி தோன்றும். வெளியில் யாருக்கும் தெரியாத வேலை இது. ஆனால் அரசியலால் பிரிந்துகிடந்த வாசகர்களை ஒரே பக்கத்தில் உட்காரவைத்தது இதுதான். சீன விக்கிப்பீடியா செய்த மிகப் பெரிய காரியம் எது என்று கேட்டால், கட்டுரை எண்ணிக்கையை விட்டுவிட்டு இதைத்தான் சொல்ல வேண்டும்.

அடுத்தது பெயர். யோங்லே என்பது அந்தப் பேரரசரின் பெயரே அன்று; அவருடைய ஆட்சிக்காலத்துக்குச் சூட்டிய பெயர். பிறந்தபோது வைத்த பெயர் ஜூ தி. அரியணைக்கு முன் யான் இளவரசர். இறந்த பின் மூதாதையர் கோயிலில் சூட்டிய பெயர் தைஜோங். நூறு ஆண்டுகளுக்கும் மேல் கழித்து, 1538இல், அவர் வழிவந்த இன்னொரு பேரரசர் அதையும் செங்ஜூ என்று மாற்றினார். ஒரே ஆளுக்கு இத்தனை பெயர்கள் என்றால் கட்டுரையின் தலைப்பில் எது நிற்கும்? ஆங்கில விக்கிப்பீடியாவில் சீனக் கட்டுரைகளைக் கவனிக்கும் குழு, வரலாற்றாசிரியர்களின் வழக்கத்தை ஒட்டி ஒரு வழி வகுத்துக்கொண்டது. ஹான் போன்ற பழைய வம்சங்களுக்கு இறப்புக்குப் பின் வழங்கிய புகழ்ப்பெயர். தாங் முதல் யுவான் வரை கோயில்பெயர். மிங், சிங் வம்சங்களுக்கு ஆட்சிக்காலப் பெயர். மற்றப் பெயர்களில் தேடி வருபவரும் அதே கட்டுரைக்கு வந்துசேர வழிமாற்றுகள் உண்டு.

தேதியும் இதே சிக்கல்தான். சோங் காலத்துப் பெருங்கவிஞர் சு ஷி பிறந்தது எந்த ஆண்டு? 1036 என்று சில நூல்களில் இருக்கும், 1037 என்று சில நூல்களில் இருக்கும். சீன நாட்காட்டிப்படி அவர் பிறந்தது ஜிங்யோவ் ஆட்சிக்காலத்து மூன்றாம் ஆண்டின் பன்னிரண்டாம் மாதம் பத்தொன்பதாம் நாள். அந்த ஆண்டின் பெரும்பகுதி 1036இல் அடங்கினாலும், அந்த நாள் மட்டும் மேற்கத்திய நாட்காட்டியில் 1037 ஜனவரி 8இல் விழுகிறது. ஆண்டை மட்டும் பார்த்து மாற்றியவர்கள் ஓராண்டு முன்னால் போனார்கள். யாரோ ஒருவர் நாள்வரை கணக்கிட்டுப் பார்த்துத் திருத்த, இன்னொருவர் பழைய நூலைக் காட்டி மறுக்க, உரையாடல் பக்கத்தில் பேசித் தீர்க்க வேண்டிய விஷயங்கள் இவை.

ஒரு மொழி மட்டும் தெரிந்தவரால் முழுசாகச் சொல்ல முடியாத கதைகளும் உண்டு. அப்படி ஒன்றில் தமிழுக்கும் பங்கு இருக்கிறது. யோங்லே அனுப்பிய கடற்படைத் தலைவர் செங் ஹ, 1409ஆம் ஆண்டுத் தேதியிட்ட கல்வெட்டு ஒன்றை இலங்கைக்குக் கொண்டுவந்தார். 1911இல் காலி நகரில் ஒரு மதகின் மூடியாகக் கிடந்த அந்தக் கல் இப்போது கொழும்பு தேசிய அருங்காட்சியகத்தில் நிற்கிறது. அதில் சீனம், தமிழ், பாரசீகம் என மூன்று மொழிகள். சீனப் பகுதியைப் படித்தவர், மிங் பேரரசர் புத்தருக்குக் காணிக்கை அளித்தார் என்பார். தமிழ்ப் பகுதியைப் படித்தவர், பொன்னும் வெள்ளியும் பட்டும் தேனவரை நாயனாருக்கு வந்தன என்பார். தென்கோடியில் கோயில் கொண்டிருந்த திருமால் அவர். மிகவும் சிதைந்துவிட்ட பாரசீகப் பகுதி இஸ்லாத்தைப் போற்றுவது. மூன்று பகுதியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்தான், கடலோடும் எல்லாச் சமயத்தாரையும் நயந்து நடக்கப் பார்த்த ஓர் அரசின் எண்ணம் புலப்படும். மூன்று மொழிகளைப் படித்தவர்களும் ஒரே மேசைக்கு வர வேண்டிய கட்டுரை இது.

மேசைக்கு வருபவர்களைத் தடுத்தால் என்ன ஆகும்? அதற்கும் கணக்கு இருக்கிறது. 2004 ஜூனில், தியானன்மென் சதுக்க நிகழ்வின் பதினைந்தாம் ஆண்டை ஒட்டி, பெருநிலத்தில் விக்கிப்பீடியா முதன்முறை தடுக்கப்பட்டது. சில வாரங்களில் திறந்தார்கள். 2005 அக்டோபர் 19இல் வந்த தடை ஓராண்டுக்கு நீண்டது. தடைக்கு வெளியே தைவானிலும் ஹாங்காங்கிலும் பிற நாடுகளிலும் இருந்தவர்களால் எப்போதும்போல் எழுத முடிந்தது. அவர்களுடைய எழுத்து என்ன ஆனது என்று ஷியாவ்ச்சுவான் ஜாங், ஃபெங் ஜூ என்ற இரு ஆய்வாளர்கள் ஆராய்ந்து, 'அமெரிக்கன் எகனாமிக் ரிவ்யூ' ஆய்விதழில் 2011இல் வெளியிட்டார்கள். தடையே இல்லாதவர்களின் பங்களிப்பும் சராசரியாக 42.8 விழுக்காடு விழுந்திருந்தது. படிக்க ஆள் குறைந்ததும் எழுதும் கை தானாகவே தளர்ந்தது. கூலிக்கு எழுதுபவருக்கு வாசகர் எண்ணிக்கை ஒரு பொருட்டாக இல்லாமல் போகலாம். கூலி வாங்காதவருக்கு வாசகர்தான் எல்லாம்.

படிக்க ஆள் இருந்தாலும் சரிபார்க்க ஆள் இல்லாவிட்டால் வேறொரு கேடு வரும். 2022 ஜூனில் அது வெளிப்பட்டது. சீன நாவலாசிரியர் ஒருவர் கதைக்கான கரு தேடிச் சீன விக்கிப்பீடியாவில் இடைக்கால ரஷ்யாவைப் படித்துக்கொண்டிருந்தார். காஷின் என்ற இடத்தில் 1344இல் கண்டுபிடிக்கப்பட்ட வெள்ளிச் சுரங்கம், அதில் 30,000 அடிமைகளின் உழைப்பு, சுரங்கத்துக்காக நடந்த போர்கள் என்று விரிவான கட்டுரை. மேற்கோள்களைத் தேடிப் போனால் சில நூல்கள் இல்லவே இல்லை. இருந்த நூல்களில் அந்தச் செய்திகள் இல்லை. சுரங்கமே கற்பனை. தன்னை ரஷ்ய வரலாறு படித்தவர் என்று காட்டிக்கொண்ட ஒரே பயனர், பத்தாண்டுக்கு மேலாக 200க்கும் அதிகமான கட்டுரைகளில் புனைவைக் கலந்திருந்தார். ரஷ்ய மொழி தமக்குத் தெரியாது, புரியாத இடங்களைக் கற்பனையால் நிரப்பினேன் என்று பின்னர் அவரே ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டார்.

இவ்வளவு காலம் எப்படித் தப்பியது? நீளம், நேர்த்தியான நடை, அடிக்குறிப்புகளின் வரிசை ஆகியவற்றைப் பார்த்துச் சக பயனர்கள் பாராட்டினார்கள். குற்றம் சொல்வதற்கில்லை, நல்லெண்ணத்தை முன்வைத்து நடக்கச் சொல்லும் இடம் அது. ஆனால் ரஷ்ய மொழி அறிந்த இன்னொருவர் அந்தப் பக்கங்களில் வேலை செய்யவில்லை. ஒருவர் மட்டும் எழுதி, பிறர் மெச்சிவிட்டுப் போகும் கட்டுரையைக் கூட்டுழைப்பு என்று அழைக்க முடியாது. அடிக்குறிப்பைத் திறந்து பார்க்கும் இரண்டாவது ஆள் வந்த பிறகுதான் அது கூட்டுழைப்பு ஆகிறது. குட்டு உடைந்த பின், பக்க வரலாறு முழுதும் சேமிப்பில் இருந்ததால், எந்த வரி யாருடையது என்று பிரித்தெடுத்துத் தன்னார்வலர்கள் களையெடுத்தார்கள்.

சிங் பேரரசர் சியான்லோங்குக்கு இந்தக் கவலை முன்பே இருந்தது. 1773இல் அவர் தொடங்கிய 'நான்கு கருவூல நூல்தொகை'யின் ஏடுகளில், அதைப் படியெடுத்தவர் யார், மெய்ப்புப் பார்த்தவர் யார், மேலாய்வு செய்தவர் யார் என்று பெயர்கள் குறிக்கப்பட்டன. பிழைகள் வெளிவந்தபோது தலைமை மெய்ப்பாளர் லூஃபெய் ச்சி சொந்தப் பணத்தில் ஈடு செய்ய வேண்டியதாகி, குடும்பச் சொத்தே போனது. அதே பேரரசர், தம் மஞ்சு வம்ச ஆட்சிக்கு எதிரானவை என்று கருதிய நூல்களைத் தேடி அழிக்கவும் இதே பணியைப் பயன்படுத்தினார். அச்சத்தால் பிழை குறையலாம். எந்த நூல் மிஞ்ச வேண்டும் என்பதையும் அதே அச்சம்தான் முடிவு செய்தது.

அச்சம் இல்லாமல் இரண்டாவது கண்ணைக் கொண்டுவர முடியும் என்று காட்டுவது விக்கிமூலம். பழைய நூல்களின் பக்கப் படங்களை ஒரு புறமும், கணினி படித்தெடுத்த எழுத்தை மறு புறமும் வைத்துத் திருத்தும் இடம் அது. மெய்ப்புப் பார்க்காத பக்கம் சிவப்பு. ஒருவர் பார்த்துத் திருத்தினால் மஞ்சள். அதைப் பச்சையாக்க வேறொரு பயனர்தான் வர வேண்டும். மஞ்சளாக்கியவருக்கே அந்தப் பொத்தானை மென்பொருள் காட்டாது. டொனால்டு ஸ்டர்ஜன் என்ற ஆய்வாளர் நடத்திவரும் 'சைனீஸ் டெக்ஸ்ட் ப்ராஜெக்ட்' தளத்திலும், முப்பதாயிரத்துக்கு மேற்பட்ட பழைய சீன நூல்களை உலகெங்கும் உள்ள வாசகர்கள் படத்தோடு ஒப்பிட்டுத் திருத்திவருகிறார்கள். கட்டுரை எழுதுபவர்கள் மேற்கோள் காட்ட நம்பகமான மூலம் இப்படித்தான் உருவாகிறது.

ஆட்கள்தான் இப்போது குறை. 2015 மே முதல் சீன விக்கிப்பீடியாவும், 2019 ஏப்ரல் முதல் எல்லா மொழி விக்கிப்பீடியாக்களும் பெருநிலத்தில் தடை. மாற்றுவழியில் நுழைந்து எழுதிய பெருநிலத்துப் பயனர்களுக்கும் தைவான், ஹாங்காங் பயனர்களுக்கும் இடையே மனக்கசப்பு முற்றியது. 2021 செப்டம்பரில், விக்கிப்பீடியாவை நடத்தும் விக்கிமீடியா அறக்கட்டளை, பிற பயனர்களின் பாதுகாப்பைக் காரணம் காட்டி, பெருநிலக் குழு ஒன்றைச் சேர்ந்த ஏழு பேரை நிரந்தரமாக விலக்கியது. பன்னிரண்டு பேரின் நிருவாகப் பொறுப்பைப் பறித்தது. அந்தக் குழு குற்றச்சாட்டை மறுத்தது. யார் பக்கம் நியாயம் இருந்தாலும் இழப்பு கட்டுரைகளுக்குத்தான். ஷான்சி மாகாணத்துச் சிற்றூர்க் கோயில் ஒன்றைப் பற்றி எழுத, உள்ளூர் நூலகத்தில் மாவட்ட வரலாற்று நூலைப் புரட்டவும், கோயில் வாசலில் நின்று படம் எடுக்கவும் அங்கே வாழ்பவர் ஒருவர் வேண்டும். அவருடைய வரிகளைத் தைபேயிலோ பினாங்கிலோ இருந்து இன்னொருவர் கேள்வி கேட்கவும் வேண்டும்.

அடுத்த வாரம்: பதினெட்டாம் நூற்றாண்டுப் பிரெஞ்சுக் கலைக்களஞ்சியத்தில் நாலில் ஒரு பங்குக் கட்டுரைகளை ஊதியம் வாங்காமல் எழுதிக்கொடுத்த லூயி த ஷோக்கூர்.