புதியோரும் பழகியோரும் ஒரே களத்தில்

மேசையைச் சுற்றிச் சிலர் அமர்ந்து, ஆளுக்கொரு கதைமாந்தரின் வேடத்தை ஏற்று, நடுவர் சொல்லும் கதையினுள் வாய்மொழியாலேயே புகுந்து ஆடுவது ஒருவகை விளையாட்டு. 1974ஆம் ஆண்டில் ஐக்கிய அமெரிக்காவிலே கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் என்னும் இருவர் ஆக்கிய ‘டஞ்சன்ஸ் அன்ட் டிராகன்ஸ்’ இவ்வகையில் முதன்முதல் விலைக்கு வந்தது. அதன் மூன்று சிறு நூல்களும், சிற்றுருவப் படைகளை வைத்துப் போர் ஆடிப் பழகியோரை எண்ணி எழுதப்பட்டவை. பழக்கமில்லாதவன் அவற்றைத் திறந்தால், எழுத்தறியாப் பிள்ளையிடம் நன்னூல் விருத்தியுரையை நீட்டியது போலாம்.

இக்குறையைப் போக்க 1977இல் எரிக் ஹோம்ஸ் தொடக்கநூல் ஒன்றைத் தொகுத்தார். 1983இல் பிராங்க் மென்ற்சர் இன்னும் ஒருபடி மேற்சென்றார். அவர் விதிகளை முன்வைத்தாரல்லர், கதையை முன்வைத்தார். படிப்பவனே போர்வீரனாகிக் குகையுட் புகுகிறான். அலீனா என்னும் துறவியைச் சந்திக்கிறான். பார்கிள் என்னும் மந்திரவாதியால் அவள் மாளக் காண்கிறான். வாளை ஓங்கும் இடத்திற் பகடை உருட்டும் விதி வருகிறது. காயமுறும் இடத்தில் உயிர்வலியைக் கணக்கிடும் விதி வருகிறது. வேண்டிய விதி வேண்டிய இடத்தில் வருதலின் மனத்தில் நிலைக்கிறது. 1986 வரையில் ஐந்து பெட்டிகளாக இவ்வரிசை வளர்ந்தது. முதற்பெட்டி மூன்றாம் படிநிலை வரையும், இரண்டாவது பதினான்காம் படிநிலை வரையும் செல்லும். நாவலர் பெருமானின் பாலபாட வரிசையை அறிந்த நமக்கு இம்முறை புதிதன்று.

ஆயினும், இங்கே ஒரு சிக்கல் உண்டு. படிநிலை கதைமாந்தனுக்கு உரியது. பழக்கமோ ஆடுவோனுக்கு உரியது. பத்தாண்டு ஆடியவனும் இன்று வந்தவனும் ஒரே மேசையில் முதற்படியிலிருந்தே தொடங்கலாம். அப்பொழுது இருவரையும் இணைப்பது எது? வேடங்களின் அமைப்பே. போர்வீரனின் வேடம் எளிது; முன்னின்று வாள் வீசினாற் போதும். முதற்படி மந்திரவாதிக்கோ நாளொன்றுக்கு ஒரே மந்திரம். அதனை எப்பொழுது ஏவுவது என்பதிலேதான் பழகியவனின் மதிநுட்பம் வெளிப்படும். அவன் உயிர்வலி பெரும்பாலும் நான்கைத் தாண்டாது; ஓரடியிலே வீழ்வான். ஆதலால், புதியவன் முன்னே நிற்காவிடிற் பழகியவன் பிழைத்தல் அரிது.

இவ்வளவு அமைத்தும் ஆட்டம் கெடுவதுண்டு. பழகியவன், “நீ இதைச் செய், அதைச் செய்” என்று ஏவத் தொடங்கினால், புதியவன் பகடை உருட்டும் கையாக மட்டும் எஞ்சுவான், மறுமுறை வரமாட்டான். நல்ல நடுவர் புதியவனை நோக்கி, “நீ என்ன செய்கிறாய்?” என்று கேட்டு, விடை வரும்வரை மற்றையோரை அமைதியாக இருக்கச் செய்வார். அவ்வினாவுக்கு விடை சொல்ல விதி ஒன்றும் தெரிந்திருக்க வேண்டுவதில்லை. விடைக்கேற்ற விதியை நடுவர் பார்த்துக்கொள்வார்.

வகுப்பறையிலும் முன்வரிசை மாணவன் முந்திக்கொண்டு விடை சொல்ல, பின்வரிசைப் பிள்ளை வாய் திறவாமலே ஆண்டு கழிந்துவிடுகிறது. கெட்டிக்காரனை மெச்சும் மகிழ்ச்சியில் நாம் அதனைக் கவனிப்பதில்லை. அப்பிள்ளையிடம் ஒரு வினாவைக் கேட்டு, விடை வரும்வரை காத்திருக்க நம்மில் எத்தனை பேருக்குப் பொறுமை உண்டு?